நட்சத்திரம் போட்ட சாவி

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு ஃபேன்சி ஸ்டோரின் மாடியில், 'அம்சா துப்பறியும் நிறுவனம்' என்ற பலகை தொங்கும். அதற்குக் கீழே, பெயின்டருக்கு இடம் போதாமல் நெருக்கி எழுதிய எழுத்தில், 'மாப்பிள்ளை விசாரணை எங்கள் சிறப்பு' என்று இருக்கும். யார் எதைத் தொலைத்தாலும் கண்டுபிடித்துத் தருவதாக ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்த அந்த நிறுவனத்தின் கதவுச் சாவி அந்தத் திங்கட்கிழமை காலை காணாமல் போயிருந்தது.

தொலைத்தவன் சாலமோன். அம்சாவின் ஒரே உதவியாளன், கோவளத்துப் பிள்ளை. சாமியாராக்கிவிடலாம் என்று வீட்டார் குருமடத்தில் சேர்த்துவிட, அங்கே லத்தீன் எல்லாம் நன்றாகத்தான் படித்தான். குருமடத்துச் சாம்பார்தான் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். லத்தீன் தெரிந்த ஆளுக்குச் செங்கல்பட்டில் வேறு என்ன வேலை கிடைக்கும்? அம்சாவிடம் சேர்ந்தான்.

"சட்டப் பையில பாத்தியா?" என்றாள் அம்சா, மாடிப்படியில் உட்கார்ந்தபடி.

"பாத்துட்டேன்க்கா."

"பேண்ட்ல?"

"பாத்துட்டேன்."

"தலையில?"

"அங்க எதுவும் கெடையாதுன்னு நீங்கதானே தெனமும் சொல்றீங்க?"

அம்சா பதில் சொல்வதற்குள் கீழ்ப்படியில் மீன்வாசனை ஏறியது. பின்னாலேயே ஓர் அலுமினியக் கூடையும், கூடையைப் பிடித்த வச்சலாவும் வந்தார்கள். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் இடையே இருக்கும் சங்குமேட்டுக்குப்பத்துக்காரி. கதவில் தொங்கும் பூட்டையும் படியில் உட்கார்ந்திருக்கும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, துப்பறியிற ஆபீசுக்கே பூட்டா? நல்லா வெளங்கிடும் எங் கேசு."

"காத்து வாங்குறோம். உக்காருங்க," என்றாள் அம்சா கொஞ்சமும் அசராமல். "மாப்ள யாரு? பொண்ணு யாரு?"

"மாப்ளயும் இல்ல பொண்ணும் இல்ல. ஒரு கல்லு."

வச்சலா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். கதை இதுதான். குப்பத்தை ஒட்டினாற்போல் 'கடல்மாடம்' என்று ஒரு ரிசார்ட். அதன் முதலாளி தாமோதரன். ரிசார்ட்டுக்கு முன்னால் உள்ள மணலில், குப்பத்து போட்டுகளை இழுத்து ஏற்றி வைக்கும் இடத்தில், போன மாதம் ஒரு கருங்கல் கிடைத்தது. அதில் வெள்ளைக்கார எழுத்து. ரோமாபுரிக்காரன் கப்பலில் வந்து இறங்கிய துறை இதுதான் என்று செய்தி பரவ, கல் கிடைத்த இடத்தைப் பாதுகாக்க வேலி போடலாம் என்று தாமோதரனுக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"வேலி வந்துச்சின்னா போட்ட எங்க ஏத்துறது? வூட்டுக் கூரை மேலயா? இப்பவே தண்ணியோரம் கட்டி வுட்டுகீறோம். அல அடிச்சி ஒன்னோட ஒன்னு முட்டிகினு கீது. எங்க ஊட்டுக்காரரு இருசப்பன் கீறாரே, 'பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துக்கினாங்க, நாம இன்னா பண்றது'ன்னு பீடியப் புடிச்சிகினு குந்தினுகீறாரு. நான் வுடறதா இல்ல. அந்தக் கல்லு பொய்யின்னு நீ சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"ஏதோ சாவின்னு அர்த்தமாம்."

சாலமோன் இருமினான். அம்சா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள். "சரி. சொல்லும் ஒரு மாப்ள மாதிரிதான். அப்பன் யாரு, தாத்தன் யாரு, எந்த ஊர்லேர்ந்து வந்தான்னு விசாரிச்சா வண்டவாளம் வெளிய வந்துடும். ஸ்கூட்டர எடு. ஸ்கூட்டர் சாவியாவது இருக்கா?"

இருந்தது.

கடல்மாடத்தில் கல்லுக்கென்று ஏசி போட்ட ஒரு தனி அறை. கண்ணாடிக்குள்ளே கல். கல்லுக்குச் சாமந்தி மாலை, நடுநெற்றியில் சந்தனம், குங்குமம். எதிரே கற்பூரத் தட்டு. சொற்களின் பூர்வீகத்தை விசாரிக்கும் நிறுவனம் என்றும், உடன் வந்திருப்பவர் ரோமாபுரி மொழி படித்தவர் என்றும் அம்சா தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். இரண்டிலும் பொய் கிடையாது. தாமோதரனுக்கு வாயெல்லாம் பல்.

அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புலவர் ஜெயக்குமார். உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லும் தமிழிலிருந்தே புறப்பட்டது என்று யூடியூபில் வாரம் தவறாமல் நிரூபித்துக்கொண்டிருப்பவர். வெள்ளை ஜிப்பாவும் தோளில் துண்டுமாக இருந்தார். இன்னொருத்தி கீர்த்தனா. கேளம்பாக்கத்து அடுக்ககத்தில் இருப்பவள். ஐடி வேலையை விட்டுவிட்டு, ஓட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் 'பாரம்பரிய அனுபவம்' அமைத்துத் தருகிறாள். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகை அவள் தயாரித்ததுதான். கையில் இருந்த போன் எப்போதும் எதையோ படம் பிடித்துக்கொண்டே இருந்தது.

சாலமோன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினான். "கே, எல், ஏ, டபிள்யூ, ஐ, எஸ். கிளாவிஸ்."

"கிளாவிஸ்!" என்று புலவர் கண்ணை மூடித் திறந்தார். "பலகையைப் பாருங்கள். லத்தீனுக்கும் மூத்த இத்தாலிய மூதாதைச் சொல், பொருள் சாவி. அந்தக் கிளாவிஸ் எங்கிருந்து போனது? நம் சாவியிலிருந்து! பூட்டுக்குள் சாய்வதால் சாவி. சாவி, கிளாவி, கிளாவிஸ். கடலோரத்துக் காற்றில் ஒரு 'கிளா' ஒட்டிக்கொண்டது."

"ஐயா, லத்தீன்ல டபிள்யூன்னு ஒரு எழுத்தே கெடையாதே?" என்றான் சாலமோன். அத்தனை வருடம் படித்ததில் அவன் ஒரு டபிள்யூவைக்கூடப் பார்த்ததில்லை.

"இது லத்தீன் இல்லை தம்பி, அதற்கும் தாய். தாய்க்கு ஓர் எழுத்து அதிகம் தெரிந்திருக்கக் கூடாதா?"

இப்படிப் பேசுகிறவரிடம் யாரால்தான் ஜெயிக்க முடியும்? சாலமோன் மறுபடியும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான்.

அம்சா இதையெல்லாம் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. சொல்லுக்கு முன்னால் கல்லில் செதுக்கியிருந்த ஒரு சின்னக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கே என்ற எழுத்தின் தோள் உயரத்தில், மெல்லிய கால்களை விரித்துக்கொண்டு, கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இது என்னங்க?"

"ஸ்டாருங்க!" என்றார் தாமோதரன். "அஞ்சு ஸ்டார் ஓட்டல்ல போடுவாங்களே, அந்த மாதிரி. அந்தக் காலத்துலயே நம்ம எடத்துக்கு ரேட்டிங் போட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க ரோமாக்காரன்."

"அபச்சாரம். அது முருகனின் அறுகோணம்," என்றார் புலவர்.

அம்சா கீர்த்தனாவைப் பார்த்தாள். கீர்த்தனா போனைச் சட்டென்று கல்லின் மறுமுனைக்குத் திருப்பினாள். "அது சும்மா டிசைன் மேம். இந்தப் பக்கம் வாங்க, எழுத்தோட ஆழத்தப் பாருங்க, செமயா இருக்கும்."

திரும்பும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், வீட்டுமனை விளம்பரத் தட்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே பெரிய எழுத்தில், 'கடலிலிருந்து இரண்டே நிமிடம்✱'. காலுக்குக் கீழே எறும்பு எழுத்தில், '✱நிபந்தனைகளுக்கு உட்பட்டது'.

"நிறுத்து!" என்று அம்சா சாலமோனின் முதுகில் அடித்தாள்.

"மனை வாங்கப் போறீங்களா? ரெண்டு நிமிஷம்னு நம்பிடாதீங்க. சுனாமி வந்தாத்தான் ரெண்டு நிமிஷம்."

"அந்த ஸ்டாரப் பாருடா. சின்னதா, எழுத்தோட தோள்ல. அதே கொசு."

சாலமோன் பார்த்தான். ஆமாம், அதேதான்.

"பொய் சொல்றவன் ஓரமா ஒக்காந்து உண்மைய ஒத்துக்கற எடம் அது," என்றாள் அம்சா. "அந்த வார்த்தைய போன்ல தேடு. பேரோட தேடு, பூர்வீகத்தோட தேடு."

சாலமோன் தேடினான். மொழியாராய்ச்சிப் பக்கம் ஒன்று திறந்தது. படிக்கப் படிக்க அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு ஊறியது. வண்டியை ஒரு இளநீர்க் கடை ஓரமாக நிறுத்திவிட்டு விளக்கினான்.

"அக்கா, லத்தீன்ல சாவிக்குக் கிளாவிஸ். அது எனக்கே தெரியும். ஆனா டபிள்யூ இருக்காது. அதோட புள்ளைங்க நெறைய. இத்தாலிக்காரன் கியாவேன்றான், பிரெஞ்சுக்காரன் கிளேன்றான், ஸ்பெயின்காரன் யாவேன்றான், போர்ச்சுகீஸ்காரன் ஷாவேன்றான். அந்தப் போர்ச்சுகீஸ்காரன்தான் கப்பல்ல ஜன்னல், மேசை, அலமாரியோட இந்தச் சாவியையும் கொண்டாந்து நம்ம கரையில எறக்கிட்டுப் போனான். அதுக்கு முன்ன நமக்குத் திறவுகோல்தான். எங்க கோயில்ல பேதுரு கையில இன்னைக்கும் அதான்."

"அப்போ புலவரு தாத்தாவப் பேரனுக்குப் பொறந்தவன்றாரு."

"அதேதான். இப்ப லத்தீனுக்கும் மேல ஒரு தாத்தா இருந்திருக்கணும்ல? இத்தாலில லத்தீனும் அதோட அக்கா தங்கச்சி மொழிகளும் பொறந்த மூதாதை மொழி. அந்த மொழியில யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கல. பேரனுங்க மூக்க வச்சுத் தாத்தா மூக்கு இப்படித்தான் இருந்திருக்கும்னு வரையறாங்க பாருங்க, அப்படி வரைஞ்சதுதான் டபிள்யூ போட்ட கிளாவிஸ். வரைஞ்சிட்டு, யோக்கியமா முன்னாடி ஒரு ஸ்டாரும் போடுவாங்க. 'இத எவனும் எழுதி நாங்க பாத்ததில்ல, யூகம்தான்'னு அர்த்தம்."

அம்சா இளநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். "நம்ம ஆபீஸ் சாவி மாதிரி."

"என்னது?"

"பூட்டு இருக்கு, அதனால சாவி இருந்திருக்கணும். கண்ணால பாத்தவன்தான் இல்ல."

"நீங்க மறக்கவே மாட்டீங்களா?" என்ற சாலமோன், திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தான். "அக்கா, அப்படின்னா கல்லுல என்ன எழுதியிருக்கு தெரியுதா? எவனும் எழுதாத வார்த்தைய ரோமாக்காரன் இங்க வந்து எழுதிட்டு, பக்கத்துலயே 'இத யாரும் எழுதல'ன்னும் செதுக்கிட்டுப் போயிருக்கான்!"

மாமல்லபுரத்தில் சிற்பி சுப்பிரமணியின் பட்டறையில், வழியிலேயே ஒரு வாசல்கல் கிடந்தது. 'அன்னை இல்லம்' என்று அழகான எழுத்து. அதற்கு மேலே, அதே அழகோடு, அதே ஆழத்தில், 'ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்'.

"வாட்ஸ்அப்புல படமா அனுப்புனாங்க," என்று சுப்பிரமணி வருத்தத்தோடு சொன்னார். "இன்னா இருந்துச்சோ அத்த செதுக்கினேன். இப்ப வோணாம்னு வுட்டுட்டுப் போய்ட்டாங்க. எது வோணும் எது வோணாம்னு நான் எப்டி முடிவு பண்றது?"

"அதே மாதிரி ஒரு ஸ்டார் போட்ட கல்ல யார் கேட்டாங்க?"

சுப்பிரமணியின் முகம் இறுகியது. "கோயிலுக்கு செல செய்ற கையிம்மா இது. யாரு சொல்லி செஞ்சேன்னு வெளிய சொல்ற பழக்கமே கெடையாது." அதற்கு மேல் உளிதான் பேசியது.

"ஸ்டாரோட அர்த்தத்தப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே?" என்றான் சாலமோன் வெளியே வந்து.

"சொன்னா? புலவரு உடனே அறுகோணத்துக்கு ஒரு மணி நேரம் வீடியோ போடுவாரு. ஜனங்களும் பாப்பாங்க. நாம சொல்லக் கூடாது, செஞ்சவங்க வாயே சொல்லணும்." அம்சா கைப்பையிலிருந்து எலுமிச்சை மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யோசனை பிறந்துவிட்டது என்று அர்த்தம். "சாவி இருந்தா பூட்டும் இருக்கணும்ல? பூட்டுக்கு மூதாதை மொழியில மூணு வார்த்த தயார் பண்ணு. உன் சொந்தச் சரக்கா இருக்கட்டும். தாமோதரன், புலவரு, கீர்த்தனா, ஆளுக்கு ஒன்னு, தனித்தனியா, ரகசியமா. வாயாலயே சொல்லு, எழுத்த மட்டும் கூட்டிச் சொல்லு. 'பூட்டுக்கல்லும் கெடச்சாத்தான் ஆராய்ச்சிக்காரங்க நம்புவாங்க, உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்'னு சொல்லு. சாவிய செஞ்சவன் பூட்டையும் செய்வான். கல்லுல வர்ற வார்த்த யாருக்குச் சொன்னதுன்னு பாத்தா ஆள் சிக்கிடுவான்."

சாலமோனுக்கு அன்று இரவு முழுக்கத் தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம். குருமடத்தில் படித்த இலக்கணம் எல்லாம் கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. அவன் செய்த சொற்கள் என்ன என்பதை வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்குக் கிடைத்த சொல்லின் அர்த்தத்தைத் தாமோதரனும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

"தாமோதரன்தான்," என்று சாலமோன் ஒரு பிரியாணி பந்தயம் வைத்தான். "ஆளப் பாத்தாலே தெரியுது."

ஞாயிறு வந்தது. மணலில் பந்தல். வேலிக்கம்பிகள் கட்டி, நடுவில் ஒரு வாசல் விட்டு, வாசலில் ரிப்பன். மேலே 'ரோமானியத் துறைமுகப் பூங்கா' என்று பலகை. வேலிக்கு வெளியே குப்பத்து ஜனம் நின்றது. அவர்களுக்குப் பின்னால் தண்ணீரோரம் இருசப்பனின் போட், ஒவ்வோர் அலைக்கும் பக்கத்து போட்டில் போய் முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முட்டலுக்கும் வச்சலா தன் முகத்திலேயே அடி விழுந்தது போல் கண்ணை மூடித் திறந்தாள். சாலமோனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை, இவள் ஜெயித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு ரிப்பன் வெட்டுவதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. தாமோதரன் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். ஒரு அதிசயம்! சாவி கெடச்ச எடத்துலயே நேத்து பூட்டும் கெடச்சிருக்கு. ஐயா திருக்கையால திறந்து, திருவாயால வாசிக்கணும்."

துணி விலகியது. புதுக் கல். தலைமை விருந்தினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரோமாபுரி செனட்டில் நிற்பவர் போல் நிமிர்ந்து, மைக்கில் எழுத்துக்கூட்டினார்.

"உ... ருட்... டோஸ். உருட்டோஸ்."

கைதட்டல். வேலிக்கு வெளியே மட்டும் ஒரு அமைதி.

"இன்னாது, உருட்டா?" என்று வச்சலாவின் குரல் கேட்டது. குப்பத்து ஜனம் குபீரென்று சிரித்தது.

"பிரியாணி எனக்கு," என்று சாலமோன் அம்சாவின் காதில் சொன்னான். "உருட்டோஸ் தாமோதரனுக்குச் சொன்னதுதான்."

அம்சா எழுந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் புலவர் எழுந்துவிட்டார். துண்டு தோளிலிருந்து நழுவியது.

"நிறுத்துங்கள்! அது போலி! உண்மையான பூட்டுக்கல் என்னிடம் இருக்கிறது!" அவர் கை காட்ட, காரின் டிக்கியிலிருந்து இரண்டு பேர் ஒரு கல்லைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார்கள். தலைமை விருந்தினருக்கு வாசிக்கும் உற்சாகம் இன்னும் அடங்கவில்லை.

"டு... பாக்... கூரிஸ். டுபாக்கூரிஸ்."

இம்முறை பந்தலுக்குள்ளேயும் சிலர் சிரித்தார்கள். சாலமோன் அம்சாவைப் பார்த்தான். அம்சா வாயிலிருந்த மிட்டாயைக் கடிக்க மறந்திருந்தாள். இது அவள் கணக்கில் இல்லை.

அந்த நேரத்தில் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து கீர்த்தனா ஓடிவந்தாள். போன் நேரலையில் இருந்தது. "கைஸ், நம்பவே முடியல, இப்பதான், லைவா, மணலுக்குள்ளேர்ந்து எடுத்தோம்!" அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் மூன்றாவது கல். ஈரமணல் அப்பியிருந்தது, நேற்றைய கல்தூசு போகவில்லை.

தலைமை விருந்தினர் குனிந்து வாசித்தார். குரல் இறங்கிவிட்டது. "பீலாவிஸ்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அம்சா மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"ஐயா, மன்னிக்கணும். உருட்டு, டுபாக்கூர், பீலா. மூணுமே பொய்க்கு நம்ம ஊர்ப் பேச்சு. வாலு மட்டும் லத்தீன். இந்தா நிக்கறானே, இவன் செஞ்சது. ஆளுக்கு ஒரு வார்த்த ரகசியமா சொன்னோம். கள்ளக்கல்லு செஞ்ச ஒருத்தர் மாட்டுவாருன்னு பாத்தேன். மூணு பேரும் பட்டறைக்கு ஓடியிருக்காங்க."

புலவர் இரண்டு கையையும் தூக்கினார். "நான் உண்மைக்குத் துணையாகத்தான் ஒரு பொய் செய்தேன்! முதல் கல் உண்மை. அதை உலகம் நம்ப வேண்டுமே என்றுதான்..."

"நானும் அதுக்குத்தாங்க!" என்றார் தாமோதரன். "மொத கல்லு சத்தியம்! தெனமும் கற்பூரம் காட்டறேன் நான்!"

"அப்ப மொத கல்லு யாருது?" என்று சாலமோன் முணுமுணுத்தான். மூன்று திருடர்கள் கிடைத்தும் திருட்டு கிடைக்காத கதையாக இருக்கிறதே என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

அம்சா மூன்று கல்லையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சிரித்தாள். முன்பு ஒரு கேசில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று சிரித்த அதே சிரிப்பு.

"வார்த்தைய நாங்க வாயாலதான் சொன்னோம். ஸ்டாரப் பத்தி மூச்சு விடல. ஆனா மூணு கல்லுலயும் ஸ்டார் இருக்கு. பாருங்க. தாமோதரன் ஐயா கல்லுல அஞ்சு முனை, ஓட்டல் ஸ்டார். சிற்பிகிட்ட 'ஸ்டார் போடுப்பா'ன்னு சொல்லியிருப்பாரு. புலவர் கல்லுல அறுகோணம், முருகனே எறங்கி வந்த மாதிரி. ரெண்டு பேரும் அவங்கவங்க நம்புன ஸ்டாரப் போட்டுருக்காங்க. இந்த மூணாவது கல்லு மட்டும்..." குனிந்து மணலைத் துடைத்தாள். "சின்னதா, எழுத்தோட தோள்ல, கொசு மாதிரி. மொத கல்லுல இருந்த அதே கொசு. போன்ல டைப் பண்ணிப் படமா அனுப்பினாத்தான் இப்படி வரும். சிற்பி என்ன வந்துச்சோ அதையே செதுக்குறவரு. என்ன கீர்த்தனா, லைவ் இன்னும் ஓடுதா?"

கீர்த்தனா அப்போதுதான் போனைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக அணைத்தாள்.

"மேம், இது ஒரு அனுபவம்தானே? வரலாறு இல்லாத இடத்துக்கு நாங்க வரலாறு டிசைன் பண்ணித் தர்றோம். யாருக்கு நஷ்டம்?"

"தோண்டறப்ப கெடச்சதுன்னு சொன்னியேம்மா!" தாமோதரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாலையெல்லாம் போட்டேனே!"

சாலமோனுக்கு நம்ப முடியவில்லை. வில்லன் என்று வாரம் முழுக்கக் கறுவிய ஆள் கடைசியில் இளிச்சவாயன். பிரியாணி போச்சு. புலவர் மேடை ஓரத்தில் தன் டுபாக்கூரிஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்படியானால் அந்த நட்சத்திரம்?" என்று கேட்டார். சாலமோன் அவருக்கு மட்டும் மெதுவாக அர்த்தம் சொன்னான். புலவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

தலைமை விருந்தினர் கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்தார். "கல்லைப் பாதுகாக்கத்தான் வேலிக்கு அனுமதி. கல்லே கிடையாது என்றால் வேலியும் கிடையாது. எழுத்தில் உத்தரவு போட வேண்டியவர்களிடம் நானே சொல்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வாழ்க்கையில் முதல் முறையாக ரிப்பன் வெட்டாமல் திரும்பினார்.

தாமோதரன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்த்தார். "கல்லு போனா போகுது. போர்டு வச்சாச்சு, கம்பி நட்டாச்சு. போர்டுல பேரு இருக்கறவரைக்கும் இது பூங்காதான். கழட்டறப்பப் பாத்துக்கலாம்."

வச்சலா வேலியருகே வந்தாள். "ஏம்மா, அந்த ஸ்டாரு போட்டா இன்னா அர்த்தம்னு தம்பி புலவருகிட்ட சொல்லிச்சே?"

"இப்படி ஒன்னு இருந்ததா எவனும் கண்ணால பாத்ததில்லன்னு அர்த்தம்," என்றாள் அம்சா.

வச்சலா தலையாட்டிவிட்டுப் போட் நிற்கும் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் போட்டுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன. பின்னால் இருசப்பன், பீடியைத் தூக்கிப்போட்டுவிட்டு வாயெல்லாம் சிரிப்பாக வந்தான். தாமோதரன் ஏதோ கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. வச்சலா தன் அலுமினியக் கூடையைப் பலகைக்குக் கீழே கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றாள். 'ரோமானியத் துறைமுகப் பூங்கா'வில் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் பிரஷைக் கொண்டுபோய் நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள்.

"சின்னதா, தோள்ல போடணும், இல்ல?"

"ஆமாக்கா," என்றான் சாலமோன்.

போட்டுவிட்டு இறங்கினாள். ரிப்பனைக் கையாலேயே பிய்த்தார்கள். "ஏலேலோ" என்று ஒரு குரல் எழும்ப, இருசப்பனின் போட் ரோமானியத் துறைமுகத்துக்குள் மணலைக் கீறிக்கொண்டு ஏறியது. சறுக்காமல் இருக்க அடியில் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும் என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பூட்டு மூணு கெடக்குதே," என்றாள் வச்சலா. "உருட்டோச எடு."